எழுபது எழுத்தில் ஏலக்காய் விலை

மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டுக்கு அப்பால், மழையும் மூடுபனியும் ஆண்டின் பெரும்பகுதி ஆட்சி செய்யும் இடுக்கி மாவட்டத்து ஏலமலைகளில் விளைகிற காய், அறுத்து, உலர்த்தி, தரம் பிரித்து மூட்டையாகக் கட்டப்பட்ட பின்னர், இப்பால் வெயில் காயும் சமவெளியில் இருக்கும் போடிநாயக்கனூரில் வந்து விலையாகிறது என்பது கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்குப் புதிய செய்தி அன்று. நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மேற்பார்வையில் போடியிலும், மலைமேல் கேரள எல்லைக்குள் இருக்கும் புற்றடியிலும் ஏலம் நடைபெறுகிறது. முன்பெல்லாம் குரல் கொடுத்துக் கேட்ட விலையை, 2007-ஆம் ஆண்டிலிருந்து போடி வியாபாரிகள் கணினியின் முன் அமர்ந்து பொத்தானை அழுத்திக் கேட்கிறார்கள். ஒவ்வொரு லாட்டாகத் திரையில் தோன்றி, சிறிது நேரத்துக்குள் விலை படிந்து மறைகிறது. ஓராண்டுக் காலம் ஒரு குடும்பம் பாடுபட்டதன் பலன் அந்தச் சிறிது நேரத்தில் நிர்ணயமாகிவிடுகிறது.

அந்தக் காய்க்கு உரியவரோ பல சமயங்களில் ஏலக்கூடத்தில் இருப்பதில்லை. அவர் மலைச்சரிவில் கூலியாட்களோடு நின்றுகொண்டிருப்பார்; அல்லது தேவாரத்திலோ கோம்பையிலோ தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, சேதி வருமா என்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். விலையோ நிலையானதன்று. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3-ஆம் தேதி புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய்க்குப் போயிற்று. மூன்று ஆண்டுகள் கழிவதற்குள் அதே காய் ஆயிரம் ரூபாய் அளவுக்கு இறங்கி வந்ததையும் இந்தப் பிரதேசம் கண்டது. இவ்வாறு ஏறியிறங்கும் சரக்கை விற்கிறவருக்கு, விற்ற விலை இன்னதென்று அன்றைக்கே தெரிவிப்பது வியாபார தர்மத்தில் சேர்ந்தது. அதைத் தெரிவிப்பதற்கு இன்று மிக எளிய சாதனமாக இருப்பது குறுஞ்செய்தி. அந்தச் சாதனம் எவ்வாறு வேலை செய்கிறது, அது தமிழுக்கு மாத்திரம் ஏன் இடம் குறைத்துக் கொடுக்கிறது, அந்தக் குறையைக் காரணமாகக் காட்டி நம் ஜனங்களுக்குப் புரியாத பாஷையில் சேதி அனுப்புவது நியாயந்தானா என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுருக்கமாகச் சேதி சொல்வது வியாபாரிகளுக்குப் புதிதன்று. தந்திக் காலத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. ஆகையால் சரக்கின் பெயரையும் விலையையும் மாத்திரம் நிறுத்தி, மற்ற உபசார வார்த்தைகளை எல்லாம் கழித்துவிடும் பழக்கம் தானாக ஏற்பட்டது. இந்தியாவில் தந்திச் சேவை 2013-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி முதல் நிறுத்தப்பட்டது. அதற்கு மறுநாள், ஜூலை 16-ஆம் தேதியன்று, விவசாயிகளுக்கு அவரவர் பாஷையில் குறுஞ்செய்தியாக ஆலோசனை அனுப்புவதற்கென்று மத்திய அரசு அமைத்த 'எம்-கிசான்' என்னும் சேவையைக் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி தொடங்கி வைத்தார். யாரும் திட்டமிட்டு அந்தத் தேதிகளை அடுத்தடுத்து வைத்ததாகத் தெரியவில்லை. ஆயினும் ஒரு சாதனம் தன் வேலையை மற்றொன்றின் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனது போலவே எனக்கு அது தோன்றுகிறது.

குறுஞ்செய்தியின் பிறப்பு ஐரோப்பாவில். 1985-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் பான் நகரத்தில், பிரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் என்னும் பொறியியல் வல்லுநர் தம் வீட்டில் தட்டச்சு யந்திரத்தின் முன் அமர்ந்து, மனத்தில் தோன்றிய வாக்கியங்களையும் கேள்விகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை எழுத்துகள், எத்தனை இடைவெளிகள் என்று எண்ணிப் பார்த்தார். ஏறக்குறைய எல்லாமே 160-க்குள் அடங்கிவிட்டன. அஞ்சலட்டைகளையும் டெலக்ஸ் செய்திகளையும் எடுத்துப் பார்த்தபோதும் அவற்றில் பெரும்பாலானவை அந்த அளவைத் தாண்டவில்லை. ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்குச் சொல்ல வேண்டிய அவசியமான சேதிக்கு 160 எழுத்துகள் போதும் என்ற முடிவு அவ்விதமாக ஏற்பட்டது. அவர் அடித்துப் பார்த்தவை ஐரோப்பிய பாஷையின் வாக்கியங்கள் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது நமக்கு வேண்டியிருக்கும்.

அவர் ஏன் சுருக்கத்தைத் தேடினார் என்பதற்கும் காரணம் உண்டு. நம் கைப்பேசி, நாம் பேசாதிருக்கும் நேரத்திலும், அருகிலுள்ள டவரோடு ஓயாமல் தொடர்பு கொண்டிருக்கிறது. 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அது அறிவிப்பதும், 'உனக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது' என்று டவர் அதற்குச் சொல்வதும் பேச்சுக்கென்று ஏற்பட்ட வழியில் நடைபெறுவதில்லை. சமிக்ஞைகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட தனி வழியில் நடைபெறுகின்றன. பெரிய கால்வாயின் ஓரத்தில் ஓடும் சிறு வாய்க்காலைப் போன்றது அது. அந்த வாய்க்கால் எந்நேரமும் நிரம்பி ஓடுவதில்லை. காலியாக இருக்கும் நேரத்தில் அதன் வழியே ஒரு சிறு சேதியையும் அனுப்பினால் தனிச் செலவு அநேகமாக இல்லை என்று அந்தத் துறையின் வல்லுநர்கள் கண்டுகொண்டார்கள். ஆனால் சமிக்ஞை வழியில் பெரிய பொதி செல்லாது. ஒரு தடவைக்கு 140 பைட், அதாவது 1,120 பிட், அவ்வளவுதான் அனுப்ப முடியும். குறுஞ்செய்தி குறுகியதாக இருப்பதற்கு உண்மையான காரணம் அந்த வாய்க்காலின் அகலமே அன்றி வேறன்று.

1992-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி, இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்னும் இளம் பொறியாளர், கிறிஸ்துமஸ் வாழ்த்தாக இரண்டே சொற்களை வோடபோன் ஸ்தாபனத்து ரிச்சர்டு ஜார்விஸ் என்பவரின் கைப்பேசிக்கு அனுப்பினார். உலகத்தின் முதல் குறுஞ்செய்தி என்று அதைச் சொல்லுகிறார்கள். அது கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குச் சென்றதன்று. கணினியிலிருந்து கைப்பேசிக்குச் சென்றது. இன்று கடைகளும் வங்கிகளும் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் சேதிகளும் அவ்வாறே செல்கின்றன. ஆகவே, நண்பருக்கு நண்பர் எழுதும் வழக்கம் பின்னால் பரவியது என்றும், ஒரு ஸ்தாபனத்தின் யந்திரம் ஒரு மனிதருக்குச் சேதி சொல்வதே இதன் ஆதி ரூபம் என்றும் கொள்வது தவறாகாது.

இந்தச் சாதனத்தின் அமைப்பில் நம் மலைப் பிரதேசத்துக்கு மிகவும் பொருந்திய குணம் ஒன்று இருக்கிறது. போடி மெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறவர்களும், மேகமலைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களும், விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களும் அறிந்த விஷயம் இது: ஒரு வளைவில் சிக்னல் இருக்கும், அடுத்த வளைவில் இராது, பாறையின் மறைவில் அறவே போய்விடும், மேட்டில் ஏறியதும் திரும்பி வரும். டவரிலிருந்து வரும் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. மலை குறுக்கே நின்றால் அதன் நிழல் விழும் பள்ளத்தில் அவை மங்கிவிடும். அத்தகைய இடத்தில் இருப்பவரை ஒருவர் அழைத்தால், 'தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்' என்ற பதிலோடு அந்த முயற்சி முடிந்துவிடுகிறது. குறுஞ்செய்தி அவ்வாறு முடிந்துவிடுவதில்லை.

அனுப்பியவரிடமிருந்து புறப்பட்ட சேதி நேராகப் பெறுகிறவரிடம் போவதில்லை. முதலில் செய்தி நிலையம் ஒன்றில் போய்த் தங்குகிறது. பெறுகிறவரின் கைப்பேசி எந்தப் பகுதியில் இருக்கிறது என்று அந்த நிலையம், சந்தாதாரர்களின் இருப்பிடத்தைக் குறித்து வைத்திருக்கும் ஏட்டைக் கேட்கிறது. கைப்பேசி அகப்படவில்லையானால், 'இவருக்கு ஒரு சேதி காத்திருக்கிறது' என்ற குறிப்பு அந்த ஏட்டில் எழுதி வைக்கப்படுகிறது. அந்த மனிதர் மாலையில் வேலை முடிந்து, ஜீப் மேட்டைக் கடக்கும் தறுவாயில், அவருடைய கைப்பேசி டவரைக் கண்டு 'நான் வந்துவிட்டேன்' என்று அறிவிக்கிறது. ஏடு உடனே நிலையத்துக்குத் தெரிவிக்கிறது. தங்கியிருந்த சேதி வந்து சேருகிறது. வீட்டில் ஆள் இல்லையென்றால் கடிதத்தைத் திரும்ப எடுத்துச் சென்று, மறுநாள் மீண்டும் கொண்டு வரும் தபால்காரரின் முறையும் இதுவேதான். எவ்வளவு காலம் காத்திருக்கலாம் என்பதையும் அனுப்புகிறவர் குறிப்பிடலாம். விதியில் வகுத்திருக்கும் உச்ச அளவு 63 வாரம். நடைமுறையில் தொலைபேசி ஸ்தாபனங்கள் அவ்வளவு காலம் வைத்திருப்பதில்லை என்றாலும், ஒரு பகல் முழுதும் பள்ளத்தில் வேலை செய்தவருக்கு மாலையில் சேதி கிடைப்பதற்கு அந்த ஏற்பாடு போதுமானது. இணைய வசதி வேண்டியதில்லை. விலையுயர்ந்த கைப்பேசி வேண்டியதில்லை. பொத்தான் போன் என்று நாம் சொல்லும் எளிய கருவியே போதும். வாட்ஸ்அப் வந்த பிறகும் வியாபாரிகள் குறுஞ்செய்தியைக் கைவிடாததற்கு இதனை முதற்காரணமாகச் சொல்ல வேண்டும்.

இனி, தமிழுக்கு ஏற்பட்ட இடக்குறைவைப் பார்ப்போம். 1,120 பிட் என்னும் பொதி எல்லாப் பாஷைக்கும் ஒன்றே. ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் நிறுத்தக் குறிகளையும் 128 இடங்கள் கொண்ட ஓர் அட்டவணையில் அடக்கிவிடலாம். அந்த அட்டவணையில் ஓரிடத்தைச் சுட்டுவதற்கு 7 பிட் போதும். 1,120-ஐ 7-ஆல் வகுத்தால் 160 வருகிறது. தமிழ் எழுத்துகள் அந்த அட்டவணையில் இல்லை. ஆகையால் உலகத்துப் பாஷைகளுக்கெல்லாம் பொதுவாக அமைந்த ஒருங்குறியின் மூலம் அவற்றை அனுப்ப வேண்டியிருக்கிறது. அங்கே ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் வேண்டும். 1,120-ஐ 16-ஆல் வகுத்தால் 70. ஆங்கிலத்துக்கு 160, தமிழுக்கு 70 என்ற பாகுபாடு இந்த எளிய வகுத்தல் கணக்கினால் வந்ததே தவிர, தமிழ் நீண்ட பாஷை என்பதனால் வந்ததன்று.

இந்த 70-ஐ எண்ணும் முறையிலும் ஒரு விசித்திரம் உண்டு. ஒருங்குறியில் 'க' என்பது ஒரு குறி. 'க்' என்பதோ ககரமும் அதன்மேல் புள்ளியும் சேர்ந்து இரண்டு குறி. தொல்காப்பியர் காலம் தொட்டு, குற்றுயிர் சேர்ந்த எழுத்துக்கு ஒரு மாத்திரையும் மெய்க்கு அரை மாத்திரையும் என்று கற்று வந்திருக்கிறோம். காதுக்குப் பாதியளவாக ஒலிக்கும் மெய், யந்திரத்தின் கணக்கில் இரண்டு பங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. கம்பம் என்ற ஊர்ப்பெயரில் நமக்குத் தெரியும் எழுத்துகள் நான்கு, குறிகள் ஆறு. போடிநாயக்கனூரில் எழுத்துகள் எட்டு, குறிகள் பதினான்கு.

ஆனாலும் இதனால் மனம் தளர வேண்டியதில்லை. தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், போடிநாயக்கனூர் என்னும் ஐந்து ஊர்களின் பெயர்களை வழக்கமான ஆங்கில எழுத்துக்கூட்டில் எழுதி எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 48 எழுத்துகள் வந்தன. அவற்றையே தமிழில் எழுதி, புள்ளியும் கொம்பும் காலும் உட்படக் குறிகளை எண்ணினேன், 46 வந்தன. குறிகளின் எண்ணிக்கையில் தமிழ் நீளமானதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான ருசு வேண்டியதில்லை.

வியாபாரிகள் அறிந்துகொள்ள வேண்டிய நுட்பம் வேறொன்றும் இருக்கிறது. முழுச் சேதியும் ஆங்கிலமாக இருந்து, நடுவில் ஒரே ஒரு தமிழ் எழுத்தைச் சேர்த்தாலும், சேதி முழுவதும் 16 பிட் கணக்குக்கு மாறி, எல்லை 160-இலிருந்து 70-க்கு இறங்கிவிடும். நம் நாட்டு ரூபாய்க்கென்று 2010-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட ₹ என்ற சின்னமும் பழைய 128 இட அட்டவணையில் இல்லாததனால் அதே விளைவை உண்டாக்கும். எல்லையைத் தாண்டிய சேதியைத் துண்டுகளாக்கித்தான் அனுப்ப முடியும். துண்டுகளை மீண்டும் வரிசையாகக் கோப்பதற்கு ஒவ்வொன்றின் தலையிலும் 6 பைட் அளவுக்குக் குறிப்பு எழுத வேண்டியிருப்பதால், தமிழில் ஒரு துண்டுக்கு 67 குறிகளும் ஆங்கிலத்தில் 153 எழுத்துகளுமே மிஞ்சும். கட்டணம் துண்டுக் கணக்கில் விழுகிறது. 'தமிழில் அனுப்பினால் இரட்டைச் செலவு' என்ற பேச்சு கடைத்தெருவில் உலவுவதற்கு மூலம் இதுவே.

அந்தப் பேச்சின் பலனை நான் ஒருநாள் கண்ணால் கண்டேன். கம்பம் பேருந்து நிலையத்தில் அமர்ந்திருந்தபோது, பக்கத்தில் இருந்த வயதான அம்மாள் ஒருவர் முந்தானையில் முடிந்திருந்த சிறிய கைப்பேசியை எடுத்து என்னிடம் நீட்டி, "தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. நல்ல சேதியா, கெட்ட சேதியா?" என்று கேட்டார். அவர் தமிழ் படிக்கத் தெரிந்தவர். பையில் வாரப் பத்திரிகை ஒன்று இருந்தது. வந்திருந்த சேதியோ ஆங்கிலத்தில் இருந்தது. அவர் நகை அடகு வைத்திருந்த ஒரு கடன் ஸ்தாபனம் அனுப்பியது அது. குறிப்பிட்ட தேதிக்குள் வட்டி கட்டாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும் என்பது அதன் சாரம். சேதி வந்து நான்கு நாள்கள் ஆகியிருந்தன. அந்த ஸ்தாபனத்தின் கணக்கில் 'வாடிக்கையாளருக்கு அறிவிப்புச் சேர்ந்தது' என்று பதிவாகியிருக்கும். யந்திரத்தின் பார்வையில் சேதி சேர்ந்தது உண்மையே. கையில் வைத்துக்கொண்டு நான்கு நாள்கள் நல்லதா கெட்டதா என்று அறியாதிருந்தவருக்கு அது சேர்ந்ததாக எப்படிச் சொல்வது? அந்த அம்மாளுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் வாடியதை நான் மறக்கவில்லை.

அந்த அறிவிப்பைத் தமிழில் எழுத இடம் போதாதா? அன்று பேருந்தில் உட்கார்ந்து நானே எழுதிப் பார்த்தேன். "உங்கள் நகைக்கடன் வட்டி ரூ.1200. கடைசி நாள் மார்ச் 10." என்பதில், இடைவெளிகளையும் நிறுத்தக் குறிகளையும் சேர்த்து, 53 குறிகள் இருக்கின்றன. ஏலக்காய் விற்றவருக்கு அனுப்ப வேண்டிய சேதியையும் இவ்வாறே எழுதலாம், விலையை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம்: "உங்கள் ஏலக்காய் லாட் 42 இன்று கிலோ ரூ.2450க்கு விற்றது." இதில் 55. மீதியுள்ள 15 இடங்களில் கடையின் பெயரையும் எழுதலாம். எழுபதுக்குள் அடங்காத விஷயம் என்று வியாபாரத்தில் அதிகமாக ஒன்றும் இல்லை. அடங்காதவை பெரும்பாலும் 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே' என்பது போன்ற உபசாரங்களும், ஆங்கிலக் கடிதத்தை அப்படியே மொழிபெயர்த்ததால் வந்த சுற்றிவளைப்புகளுமே. சேதியைத் தமிழிலேயே நினைத்து எழுதுகிறவருக்கு இடம் போதும்.

இக்குறைக்கு முழுப் பரிகாரமும் இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் சிலரே. ஒருங்குறியில் தமிழுக்கென்று ஒதுக்கிய இடங்கள் 128 தான். 128 இடங்களைச் சுட்ட 7 பிட் போதும் என்று முன்னமே பார்த்தோம். அப்படியானால் ஆங்கில அட்டவணைக்குப் பதிலாகத் தமிழ் அட்டவணையைப் பயன்படுத்துக என்று சேதியின் தலைப்பில் ஒரு சிறு குறிப்பை எழுதிவிட்டு, மேற்கொண்டு 7 பிட் கணக்கிலேயே தமிழை அனுப்பலாம் அல்லவா? கைப்பேசித் தொழில்நுட்பத்துக்கு உலகப் பொதுவிதிகளை வகுக்கும் 3ஜிபிபி என்னும் கூட்டமைப்பு இந்த யோசனையை 2008-ஆம் ஆண்டில் துருக்கி மொழியின் தேவையை ஒட்டி விதியாக்கிற்று. அதற்கடுத்து வெளிவந்த பதிப்பில் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் முதலிய இந்திய பாஷைகளோடு தமிழுக்கும் அட்டவணை இடம்பெற்றிருக்கிறது. அந்த முறையில் தலைப்புக் குறிப்புக்குப் போக 155 குறிகள் வரை தமிழில் எழுதலாம். எழுபது, நூற்றைம்பத்தைந்தாக உயரும். விதி அச்சில் இருக்கிறது. அனுப்பும் நிலையமும் பெறும் கைப்பேசியும் ஒருங்கே அதைக் கைக்கொண்டாலன்றிப் பயன் இல்லாததால், அது வழக்கத்துக்கு வரவில்லை. இந்தியாவில் விற்கும் கைப்பேசிகள் எல்லா இந்திய பாஷைகளின் எழுத்துகளையும் காட்ட வல்லவையாக இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரவிதியைக் கொண்டு அரசு கட்டாயம் செய்தது பெரிய நன்மை. அதனோடு இந்த அட்டவணையையும் கட்டாயம் செய்திருந்தால், தமிழுக்குச் செலவு அதிகம் என்ற வாதம் அன்றைக்கே அற்றுப்போயிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

சேதி வந்தால் மாத்திரம் விவசாயிக்கு லாபம் வந்துவிடுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1997 முதல் 2001 வரையில் வட கேரளக் கடற்கரையில் கைப்பேசி படிப்படியாகப் பரவியபோது மத்தி மீன் வியாபாரத்தில் நேர்ந்த மாறுதல்களை ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளியல் அறிஞர் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். அதற்கு முன், ஒரு கரையில் வாங்க ஆளின்றி மீன் கடலில் கொட்டப்படும் அதே நாளில், சில மைல்களுக்கு அப்பால் மீன் கிடைக்காமல் ஜனங்கள் திரும்பிப் போவார்கள். கடலிலிருந்தபடியே விலை விசாரிக்க முடிந்த பிறகு அந்த விரயம் ஒழிந்தது. மீனவரின் லாபம் ஏறத்தாழ 8 சதவீதம் கூடிற்று. வாங்குகிறவர் கொடுத்த விலையும் ஏறத்தாழ 4 சதவீதம் குறைந்தது. இதற்கு மாறாக, மகாராஷ்டிரத்தில் நூறு கிராமங்களில், விலைகளையும் மழை முன்னறிவிப்பையும் குறுஞ்செய்தியாக விவசாயிகளுக்கு அனுப்பிய ஒரு சேவையின் பலனை மார்செல் ஃபாஃப்சாம்ப்ஸ், பார்ட் மின்டன் என்னும் இருவர் ஆராய்ந்து 2012-இல் எழுதியபோது, விவசாயிக்குக் கிடைத்த விலையில் குறிப்பிடத்தக்க மாறுதல் எதையும் காண முடியவில்லை என்று தெரிவித்தார்கள்.

இவ்விரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பனவாக எனக்குத் தோன்றவில்லை. மீனவரிடம் படகு இருந்தது. விலை தெரிந்ததும் படகைத் திருப்ப அவரால் முடிந்தது. நம் சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் பன்னீர் திராட்சை பயிரிடுகிறவரின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரிய பழம் அது. ஆனால் பழுத்தபின் கொடியில் நில்லாது, மழை விழுந்தால் வெடித்துவிடும். வியாபாரி தோட்டத்துக்கே வந்து விலை பேசுகிறார். வெளியூர்ச் சந்தையின் விலை கைப்பேசியில் தெரிந்தாலும், அங்கே கொண்டுபோகும் வண்டியோ, குளிர்பதன அறையோ, முன்பணம் வாங்காத சுதந்திரமோ இல்லாதவருக்கு அந்த அறிவு பாதிப் பலனே தரும். எனினும் பேரம் பேசும்போது, விலை அறிந்தவர் பேசுவதற்கும் அறியாதவர் பேசுவதற்கும் வித்தியாசம் உண்டு. அதிலும் ஏலக்காயைப் போல, சரக்கை முன்னமே ஒப்படைத்துவிட்டு விலைக்குக் காத்திருப்பவருக்குச் சேதி என்பது ரசீதுக்குச் சமானம். கென்யா நாட்டில் 2007-இல் தொடங்கிய எம்-பெசா என்னும் பணப் பரிமாற்றச் சேவையில், பணம் வந்தது என்று தெரிவிக்கும் குறுஞ்செய்தியையே ரசீதாக ஏற்று, கடைக்காரர்கள் சரக்கைக் கொடுத்தார்கள்.

ரசீது என்றால் அதில் பொய்க்கு இடம் இருக்கலாகாது. 'இன்று இரவு மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணை உடனே அழையுங்கள்' என்று வந்த போலிச் சேதிகளை நம்பிப் பணம் இழந்தவர்கள் நம் மாநிலத்தில் பலர். இதைத் தடுப்பதற்காகவே இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018-ஆம் ஆண்டில் புதிய விதிகளைக் கொண்டு வந்தது. அவற்றின்படி, வாடிக்கையாளருக்குச் சேதி அனுப்ப விரும்பும் ஸ்தாபனம் முதலில் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். தன் பெயரைக் குறிக்கும் ஹெடரையும், அனுப்பப் போகும் வாசகத்தின் அச்சான டெம்ப்ளேட்டையும் பதிவு செய்ய வேண்டும். தொகை, தேதி போன்ற மாறும் இடங்களை மாத்திரம் காலியாக விட்டு, மற்றச் சொற்கள் அனைத்தும் பதிவில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஒரு சொல் மாறினாலும் சேதி வழியில் நிறுத்தப்படும். 2021-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் தேதி இந்தச் சோதனையைக் கண்டிப்பாகத் தொடங்கியபோது, பதிவை முடிக்காதிருந்தவர்களின் சேதிகள் நின்றுபோய், வங்கிகளின் ஓ.டி.பி. எண்கள்கூட வராமல் நாடெங்கும் ஜனங்கள் அல்லல்பட்டார்கள். மறுநாளே ஆணையம் அதை ஒரு வாரம் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் நேர்ந்த இடையூறு அது. ஏற்பாடு நல்ல ஏற்பாடே. பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து மின்வாரியத்தின் பெயராலோ வங்கியின் பெயராலோ வரும் சேதியை நம்பாதிருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் முதியவர்களுக்குச் சொல்லி வைப்பது நம் கடமை.

இந்தப் பதிவிலேதான் என் விண்ணப்பத்துக்கும் இடம் இருக்கிறது. டெம்ப்ளேட்டை ஆங்கிலத்திலே பதிவு செய்ய வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. தமிழ் வாசகத்தையும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஒரு தடவை பதிவு செய்த வாசகம் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களுக்குப் பல ஆண்டுகள் போகும். போடியில் ஏலம் நடத்துகிறவர்களும், சின்னமனூரில் உரமும் விதையும் விற்கிறவர்களும், உத்தமபாளையத்தில் நகைக்கடன் கொடுக்கிறவர்களும், தேனியில் மருத்துவமனை நடத்தி நோயாளிக்கு மறுபரிசோதனை நாளை நினைவூட்டுகிறவர்களும், அடுத்த தடவை டெம்ப்ளேட் பதிவு செய்ய உட்காரும்போது, அரைமணி நேரம் ஒதுக்கி, எழுபது குறிக்குள் ஒரு நல்ல தமிழ் வாக்கியத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள். எழுதி முடித்ததும், அதைக் கடையில் வேலை செய்கிற ஒரு பெரியவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடையின்றி வாசித்துப் பொருள் சொன்னால் அனுப்புங்கள்.